டவுன்லோட் ஆகிறது, ஆனால் திறக்கவில்லை! – வாசகர் கேள்வி பதில்

கோப்பு இறங்குகிறது, ஆனால் திறக்க மறுக்கிறது. இந்த மாதம் இதே புகார் பல வடிவங்களில் வந்ததால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடிதம் எழுதியவர்களில் பலர் தங்கள் ஸ்கிரிப்ட் முழுவதையும் அனுப்பியிருந்தார்கள், ஆனால் கெட்டுப்போன கோப்பை ஒருவரும் உள்ளே பார்க்கவில்லை. கோடிங்கை நூறு முறை படிப்பதைவிட அந்தக் கோப்பின் முதல் சில பைட்டுகளையும் கடைசி சில பைட்டுகளையும் மொத்த அளவையும் பார்ப்பது மேல். என்ன நடந்தது என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் டியூஷன் சென்டர் தளத்தில் பழைய வினாத்தாள்களை மாணவர்கள் இறக்கிக்கொள்ள ஒரு பிஎச்பி ஸ்கிரிப்ட் (சர்வரில் ஓடும் நிரல்) எழுதினேன். என் கணினியில் ஸாம்ப் (சர்வரைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டும் மென்பொருள்) போட்டுப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. ஹோஸ்டிங்கில் ஏற்றிய பிறகு ஜிப் கோப்பு 'சேதமடைந்துள்ளது' என்கிறது, படங்கள் திறக்கவில்லை, ஆனால் பிடிஎஃப் மட்டும் நன்றாகத் திறக்கிறது. கோப்பின் அளவு ஒரு பைட்கூட மாறவில்லை. அளவு சரியாக இருந்தால் கோப்பும் சரியாகத்தானே இருக்க வேண்டும் சார்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அளவு சரியாக இருப்பதுதான் உங்களைக் குழப்பியிருக்கிறது. அது எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம்.

உங்கள் ஸ்கிரிப்ட் கோப்பை அனுப்புவதற்கு முன்னால் கன்டென்ட்-லெங்த் என்ற ஹெடரில், அதாவது கோப்புக்கு முன்னால் போகும் குறிப்பில், 'இத்தனை பைட் வரப்போகிறது' என்று பிரவுசருக்குச் சொல்கிறது. அந்த எண்ணை வட்டில் உள்ள கோப்பைப் பார்த்துத்தான் சொல்கிறீர்கள், அதனால் எண் சரி. ஆனால் ஸ்கிரிப்ட் கோப்பை அனுப்புவதற்கு முன்னாலேயே வேறு ஏதோ மூன்று பைட் வெளியே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசர் அந்த மூன்றையும் சேர்த்தே எண்ணும், சொன்ன எண் நிறைந்ததும் வாங்குவதை நிறுத்திவிடும். முன்னால் மூன்று வேண்டாத பைட் ஒட்டிக்கொண்டது, பின்னால் மூன்று வேண்டிய பைட் வெட்டுப்பட்டது, மொத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பிடிஎஃப் திறப்பதும் ஜிப் திறக்காததும் இதையே உறுதி செய்கிறது. பிடிஎஃப் படிக்கும் மென்பொருள்கள் பல, கோப்பின் அடையாளத்தை முதல் பைட்டில் மட்டும் தேடாமல் முதல் 1024 பைட்டுக்குள் எங்கே இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும், கடைசியில் கொஞ்சம் குறைந்தாலும் சமாளித்துக்கொள்ளும். ஜிப் அப்படி இல்லை. உள்ளே என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்ற பட்டியல் ஜிப்பின் வால் பகுதியில்தான் இருக்கிறது, அதற்கும் கடைசியில் குறைந்தது 22 பைட் நீளமுள்ள ஒரு முடிவுப் பதிவு இருக்கும். அதில் மூன்று பைட் போய்விட்டால் பட்டியலைக் கண்டுபிடிக்கவே வழியில்லை. டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் எல்லாம் உள்ளுக்குள் ஜிப்தான், அவையும் இதேபோல் படுத்துவிடும். ஜேபெக் படத்துக்கு முதல் பைட்டே சரியாக இருக்க வேண்டும். எம்பி3 பாட்டாக இருந்திருந்தால் அனேகமாகப் பாடியிருக்கும், ஏனென்றால் பிளேயர் அடுத்த துண்டு தொடங்கும் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

சரி, அந்த மூன்று பைட் எது? சோதிக்க எளிய வழி, கன்டென்ட்-லெங்த் அனுப்பும் வரியைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு மறுபடி இறக்கிப் பாருங்கள். இப்போது வெட்டு விழாது, வேண்டாத பைட்டுகள் எத்தனையோ அத்தனை அளவு கூடியிருக்கும். சரியாக மூன்று கூடியிருந்தால் எனக்கு வரும் முதல் சந்தேகம் பாம் எனப்படும் பைட் ஆர்டர் மார்க். யூடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் சில எடிட்டர்கள் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத குறி அது. ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால் இஎஃப், பிபி, பிஎஃப் என்று மூன்று பைட்டாகத் தெரியும். ஹெக்ஸ் எடிட்டர் இல்லாவிட்டால் விண்டோஸ் பவர்ஷெல்லில் ஃபார்மட்-ஹெக்ஸ் கட்டளை இருக்கிறது, லினக்ஸில் எக்ஸ்எக்ஸ்டி இருக்கிறது.

உங்கள் கணினியில் ஏன் வரவில்லை, சர்வரில் ஏன் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். சர்வரில் ஏற்றும்போது டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றுவதற்காகக் கன்ஃபிக் கோப்பை நோட்பேடில் திறந்து சேமித்ததாக உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது. பழைய விண்டோஸ் நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் பாம் தானாகவே ஒட்டிக்கொள்ளும். 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்துதான் பாம் இல்லாத யூடிஎஃப்-8 நோட்பேடின் இயல்பு வழக்கமானது. ஆக, இரண்டு இடத்துக்கும் இடையில் மாறிய ஒரே கோப்பு கன்ஃபிக்தான். அதை ஸ்கிரிப்ட் இன்க்ளூட் செய்த உடனே அந்த மூன்று பைட்டும் அவுட்புட்டாகப் போய்விடுகிறது. நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் திறந்து என்கோடிங் மெனுவில் பாம் இல்லாத யூடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமித்தால் முடிந்தது.

ஹெடருக்கு முன்னாலேயே வேறு பைட் போய்விட்டால் பிஎச்பி காட்டும் 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்ற எச்சரிக்கை வந்திருக்க வேண்டாமா என்றும் கேட்கலாம். பிஎச்பியில் அவுட்புட் பஃபரிங் 4096 பைட்டுக்கு இயக்கப்பட்டிருந்தால் வராது. வெளியே போன பைட்டுகள் பஃபரில் காத்திருக்கும், ஹெடர்கள் தடையில்லாமல் முன்னால் போய்விடும், பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் கோப்பு மட்டும் கெடும். எச்சரிக்கை வந்திருந்தால் எந்தக் கோப்பில் எந்த வரி என்று அதுவே சொல்லியிருக்கும், பஃபரிங் அந்த உதவியைப் பறித்துவிட்டது.

கூடியது மூன்று பைட் இல்லாமல் ஒன்றோ இரண்டோ என்றால் பிஎச்பி முடிவுக் குறியான ?> என்பதற்குப் பின்னால் உள்ள காலி வரிகளைப் பாருங்கள். அந்தக் குறியை ஒட்டி வரும் முதல் வரிமுறிவை பிஎச்பி விழுங்கிவிடும், அதற்கு மேல் ஒரு ஸ்பேஸ் இருந்தாலும் அவுட்புட்தான். முழுக்க பிஎச்பி மட்டுமே உள்ள கோப்பில் முடிவுக் குறியே போடக்கூடாது என்று பிஎச்பி எழுதும் முறைக்கான பிஎஸ்ஆர்-12 விதி சொல்வது இதற்காகத்தான். நூற்றுக்கணக்கில் கூடியிருந்தால் அது பிஎச்பியின் எச்சரிக்கைச் செய்தியாக இருக்கும். கோப்பை நோட்பேடில் திறந்தாலே தலைப்பில் 'வார்னிங்' என்றோ 'நோட்டீஸ்' என்றோ ஆங்கிலத்தில் படிக்க முடியும். வேண்டாத பைட் தலையில் இல்லாமல் வாலில் இருந்தால், கோப்பை அனுப்பும் ரீட்ஃபைல் வரிக்குப் பிறகு ஸ்கிரிப்டை நிறுத்தும் எக்ஸிட் போடவில்லை, பக்கத்தின் மீதி எச்டிஎம்எல்லும் கோப்போடு சேர்ந்து போயிருக்கிறது என்று பொருள். உங்கள் ஸ்கிரிப்டிலும் எக்ஸிட் இல்லை, சேர்த்துவிடுங்கள்.

தேடினால் பலர் சொல்லும் தீர்வு, கோப்பை அனுப்புவதற்குச் சற்று முன்னால் ஓபி_எண்ட்_கிளீன் போட்டு பஃபரை எல்லாம் காலி செய்துவிடு என்பது. வேலை செய்யும், நானும் போடுவேன். ஆனால் அதைப் போட்டுவிட்டு பாம்மைக் கன்ஃபிக்கிலேயே விட்டுவிட்டால், நாளைக்கு அதே கன்ஃபிக்கை இன்க்ளூட் செய்யும் இன்னொரு ஸ்கிரிப்ட் ஜேசன் வடிவில் டேட்டா அனுப்பும்போது மறுபடி மாட்டும். முதலில் காரணத்தை நீக்குங்கள், பிறகு பாதுகாப்புக்காக அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், இது கோப்பு கெடுவதைவிடப் பெரிய ஆபத்து. முகவரியில் வரும் கோப்புப் பெயரை அப்படியே எடுத்து ரீட்ஃபைலுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். யாராவது பெயருக்கு முன்னால் இரண்டு புள்ளியும் சாய்கோடும் சேர்த்து மேல் ஃபோல்டருக்குப் போய் உங்கள் கன்ஃபிக் கோப்பையே கேட்டால் ஸ்கிரிப்ட் அதையும் எடுத்துக் கொடுத்துவிடும், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அதற்குள் இருக்கிறது. முகவரியில் பெயருக்குப் பதில் ஒரு எண் மட்டும் வரட்டும், அந்த எண்ணுக்கு உரிய கோப்பு எது என்பதை டேட்டாபேஸில் பார்த்து எடுங்கள். இதைச் செய்யும் வரை ஸ்கிரிப்டை இறக்கி வையுங்கள், ஒரு நாள்கூட அப்படியே விட வேண்டாம்.

கேள்வி: எனக்கு கோடிங் எல்லாம் தெரியாது. ஒரு தளத்திலிருந்து ரசீதை பிடிஎஃப்பாக இறக்கினால் 'கோப்பு சேதமடைந்துள்ளது' என்று வருகிறது. மூன்று வேறு மென்பொருள் போட்டுப் பார்த்துவிட்டேன். என் பக்கத்தில் ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: நான்காவதாக ஒரு மென்பொருள் தேட வேண்டாம். அந்தக் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து நோட்பேடில் திறந்து பாருங்கள். உண்மையான பிடிஎஃப் என்றால் முதல் வரியில் சதவீதக் குறியும் அதை ஒட்டி பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்தும் இருக்கும், கீழே புரியாத குறிகள் நிறைய இருக்கும். அதற்குப் பதிலாக எச்டிஎம்எல் என்ற சொல்லும் கூர் அடைப்புக்குறிகளும் தெரிந்தால் உங்களுக்கு வந்தது ரசீதே இல்லை, ஒரு வலைப்பக்கம். பெரும்பாலும் லாகின் பக்கமாகவோ பிழைப் பக்கமாகவோ இருக்கும். நீங்கள் உள்ளே நுழைந்து நேரமாகிவிட்டதால் தளம் உங்களை வெளியேற்றியிருக்கும், ஆனால் ஸ்கிரிப்ட் லாகின் பக்கத்தையே பிடிஎஃப் என்ற பெயரில் கொடுத்துவிட்டது. மறுபடி லாகின் செய்து உடனே இறக்கிப் பாருங்கள், வந்துவிடும்.

கோப்பின் அளவு பூஜ்யம் என்றாலோ, லாகின் செய்தும் வரவில்லை என்றாலோ தவறு அவர்கள் பக்கம். புகார் எழுதும்போது 'திறக்கவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். கோப்பின் அளவு, நோட்பேடில் தெரியும் முதல் வரி, இறக்கிய தேதி, நேரம் இவை நான்கையும் எழுதுங்கள், முடிந்தால் கோப்பையே இணைத்து அனுப்புங்கள். அந்த நேரத்தை வைத்து சர்வர் லாகில் என்ன நடந்தது என்று அவர்களால் தேட முடியும். இந்தத் தகவல் இல்லாமல் வரும் புகாருக்கு 'வேறு பிரவுசரில் முயலுங்கள்' என்ற பதில்தான் வரும்.

கேள்வி: ஊழியர் வருகைப் பதிவை எக்ஸெல்லாக இறக்கும் வசதி செய்தேன். லிங்க்கைத் தனி டேபில் திறந்தால் சரியாக இறங்குகிறது. பட்டனை அழுத்தினால் ஏஜாக்ஸ் (பக்கத்தை மாற்றாமல் ஜாவாஸ்கிரிப்ட் சர்வரிடம் கேட்டு வாங்கும் முறை) வழியாகப் போய் இறங்கும் கோப்பை எக்ஸெல் ஏற்க மறுக்கிறது. சர்வரில் 412 கேபி, இறங்கியது 740 கேபி. கூடுதலாக இத்தனை டேட்டா எங்கிருந்து வருகிறது?
– ஒரு வாசகர், கோவை

பதில்: இரண்டு அளவையும் எழுதியதற்கு நன்றி, அதனால்தான் இதற்கு உடனே பதில் சொல்ல முடிகிறது. உங்கள் பிஎச்பி சரியாகவே இருக்கிறது, தனி டேபில் திறந்தால் வருகிறது என்பதே அதற்குச் சான்று. கெடுவது பிரவுசருக்குள், ஜாவாஸ்கிரிப்ட்டில்.

ஏஜாக்ஸ் வழியாக வரும் பதிலை நீங்கள் வேறு விதமாகச் சொல்லாதவரை பிரவுசர் எழுத்து என்றே எடுத்துக்கொண்டு யூடிஎஃப்-8 ஆகப் படிக்கப் பார்க்கும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் உள்ளுக்குள் ஜிப், அதில் உள்ள பைட்டுகளில் ஏறக்குறைய பாதி 127-க்கு மேற்பட்ட மதிப்பு உள்ளவை. அவை யூடிஎஃப்-8 விதிப்படி வரிசையாக அமைந்திருக்கத் தேவையில்லை, அதனால் பொருந்தாத பைட் ஒவ்வொன்றின் இடத்திலும் பிரவுசர் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் போன்ற மாற்றுக்குறியை வைத்துவிடும். நீங்கள் அதை மறுபடி கோப்பாக மாற்றும்போது அந்தக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் ஆகிறது. பாதி பைட்டுகள் ஒன்றுக்கு மூன்றாகப் பெருகினால் மொத்த அளவு இரு மடங்கை நெருங்கத்தானே செய்யும்? உங்கள் 740 இப்படி வந்ததுதான். கெட்ட கோப்பை ஹெக்ஸில் திறந்து பாருங்கள், இஎஃப், பிஎஃப், பிடி என்ற மூன்றும் திரும்பத் திரும்ப வரிசை கட்டி நிற்கும். எந்த பைட் இருந்த இடத்தில் அந்தக் குறி வந்தது என்பது தொலைந்துவிட்டதால் அந்தக் கோப்பைப் பழுது பார்க்க முடியாது, மறுபடிதான் இறக்க வேண்டும்.

திருத்தம் சின்னது. எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட் பயன்படுத்தினால் ரெஸ்பான்ஸ்டைப் என்பதை அனுப்புவதற்கு முன்னால் பிளாப் என்று வையுங்கள். ஃபெட்ச் என்றால் டெக்ஸ்ட் செயற்கூறுக்குப் பதில் பிளாப் செயற்கூறைக் கூப்பிடுங்கள். ஆனால் என்னைக் கேட்டால், இந்த வேலைக்கு ஏஜாக்ஸே வேண்டாம். கன்டென்ட்-டிஸ்போசிஷன் ஹெடரில் அட்டாச்மென்ட் என்று இருந்தால் சாதாரண லிங்க்கை அழுத்தினாலும் பக்கம் மாறாது, கோப்பு மட்டும் இறங்கும். ஏஜாக்ஸ் வழியில் முழுக் கோப்பும் முதலில் பிரவுசருக்குள் வந்து சேர வேண்டும், ஊழியர் கையில் பழைய ஃபோன் இருந்தால் அதற்கு அது சுமை.

கேள்வி: உறுப்பினர் புகைப்படங்களை மைஎஸ்கியூஎல் டேபிளிலேயே சேமிக்கிறோம். சின்னப் படங்கள் சரி. பெரிய படங்களில் மேல் பாதி தெரிகிறது, கீழே சாம்பல் நிறம். டவுன்லோட் ஸ்கிரிப்டில் என்ன தவறு?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: ஸ்கிரிப்டில் தவறு இல்லை. கெட்ட படங்கள் எல்லாமே ஒரே அளவில், 65,535 பைட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். டேபிளின் பிளாப் வகை நெடுவரிசையில் அதற்கு மேல் ஒரு பைட்கூட நிற்காது. சாதாரண ஜேபெக் மேலிருந்து கீழாகத்தான் விரியும், அதனால் வந்தவரை தெரிந்து மீதி சாம்பலாகிறது. மீடியம்பிளாப் என்று மாற்றினால் 16 எம்பி வரை இடம் கிடைக்கும், படங்களுக்கு அது தாராளம். வருத்தம் என்னவென்றால் ஏற்கெனவே வெட்டுப்பட்டவற்றின் மீதிப் பகுதி எங்கும் இல்லை, சேமிக்கும்போதே போய்விட்டது. அந்த நெடுவரிசையில் உள்ள டேட்டாவின் நீளம் சரியாக 65,535 உள்ள வரிசைகளைத் தேடி எடுத்து, அந்த உறுப்பினர்களிடம் மட்டும் படத்தை மறுபடி வாங்குங்கள்.

மைஎஸ்கியூஎல் 5.7 முதல் ஸ்டிரிக்ட் மோட் இயல்பாகவே இயங்கும், அதில் இப்படிச் சத்தமில்லாமல் வெட்டாது, 'டேட்டா நீளம் அதிகம்' என்று பிழை காட்டி நிறுத்தும். உங்கள் சர்வரில் யாரோ அதை அணைத்து வைத்திருக்கிறார்கள், இல்லை பதிப்பு பழையது. பழைய கோடிங் ஓட வேண்டும் என்பதற்காக அதை அணைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கேள்வி: நானும் என் நண்பரும் ஒரே சர்வரில் படங்களையும் ஜிப் கோப்புகளையும் எஃப்டிபி வழியாக ஏற்றுகிறோம். ஸ்கிரிப்ட் ஒன்றுதான். ஆனால் அவர் ஏற்றியவை எல்லாம் இறக்கினால் கெட்டிருக்கின்றன, நான் ஏற்றியவை சரியாக இருக்கின்றன.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் நண்பரின் எஃப்டிபி மென்பொருளில் டிரான்ஸ்ஃபர் டைப் ஆஸ்கி என்று இருக்கும், பைனரி என்று மாற்றச் சொல்லுங்கள். ஆஸ்கி முறை எழுத்துக் கோப்புகளுக்காக வந்தது. விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு பைட், லினக்ஸில் ஒரு பைட், ஏற்றும்போது அது இரண்டை ஒன்றாக்கிவிடும். படத்துக்குள்ளும் ஜிப்புக்குள்ளும் தற்செயலாக அந்த இரண்டு பைட் அடுத்தடுத்து வரும் இடமெல்லாம் ஒரு பைட் காணாமல் போகும், அதனால் சர்வரில் உள்ள கோப்பு அசலைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கும். ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிஎன்ஜி படத்தை வடிவமைத்தவர்கள் இந்தத் தொல்லையை முன்பே எதிர்பார்த்திருந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். ஒவ்வொரு பிஎன்ஜி கோப்பும் எட்டு பைட் அடையாளத்தோடு தொடங்கும், அதற்குள் விண்டோஸ் பாணி வரி முடிவு ஒன்றும் லினக்ஸ் பாணி வரி முடிவு ஒன்றும் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கின்றன. வழியில் யாராவது வரி முடிவை மாற்றினால் அந்த அடையாளம் முதலிலேயே சிதைந்துவிடும், படத்தைத் திறக்கும் மென்பொருள் உடனே கண்டுகொள்ளும். முதல் பைட்டும் 127-க்கு மேற்பட்டது, ஏழு பிட் மட்டுமே கடத்தும் வழியில் போனால் அதுவும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏற்றிய கோப்பு சரியா என்று சந்தேகம் வரும்போதெல்லாம் ஷா-256 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும் அடையாள எண்) கணக்கிட்டு ஒப்பிடுங்கள். விண்டோஸில் கெட்-ஃபைல்ஹாஷ், லினக்ஸில் ஷா256சம். இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் சர்வரில் உள்ள கோப்பு சரி, குறை ஸ்கிரிப்டில். வேறு எண் வந்தால் ஸ்கிரிப்டைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: பயிற்சி வீடியோக்களை ஜிப்பாகக் கொடுக்கிறோம். 100 எம்பி வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் போனால் சில கேபி அளவில் ஒரு கோப்பு மட்டும் இறங்குகிறது. மெமரி லிமிட்டைக் கூட்டியதும் அது சரியானது, ஆனால் 1.5 ஜிபி கோப்பு மெதுவான இணைப்பில் இறக்குபவர்களுக்குப் பாதியில் நின்றுவிடுகிறது. செட்_டைம்_லிமிட் பூஜ்யம் வைத்தும் மாறவில்லை. கோப்பு இறங்கும்போது தளத்தின் மற்றப் பக்கங்களும் திறப்பதில்லை என்கிறார்கள்.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: மூன்று வேறு பிரச்சினைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றாக எடுப்போம்.

முதலாவது. அந்தச் சின்னக் கோப்பை நோட்பேடில் திறந்தால் 134217728 பைட் தீர்ந்துவிட்டது என்ற பிழைச் செய்தி இருக்கும் என்று நினைக்கிறேன். 128 எம்பியைப் பைட்டில் எழுதினால் அந்த எண், பிஎச்பியின் இயல்பு மெமரி வரம்பு அது. பலரும் ரீட்ஃபைல் முழுக் கோப்பையும் மெமரிக்கு எடுக்கும் என்று நினைத்து அதைக் குறை சொல்கிறார்கள். அது துண்டு துண்டாகத்தான் படிக்கிறது. யாரோ ஓபி_ஸ்டார்ட் போட்டு ஒரு பஃபரைத் திறந்து வைத்திருக்கிறார்கள், துண்டுகள் எல்லாம் வெளியே போகாமல் அதற்குள் சேர்ந்து நிரம்புகின்றன. மெமரி லிமிட்டைப் பழையபடி குறைத்துவிட்டு, கோப்பை அனுப்பும் முன்னால் ஓபி_கெட்_லெவல் பூஜ்யம் ஆகும்வரை பஃபர்களை மூடுங்கள். லிமிட்டைக் கூட்டியே சமாளித்தால் ஒரே நேரத்தில் பத்துப் பேர் இறக்கும்போது சர்வர் மூச்சு முட்டும்.

மற்றப் பக்கங்கள் திறக்காததற்குக் காரணம் செஷன், அதாவது உள்ளே நுழைந்தவரைப் பற்றிச் சர்வர் வைத்திருக்கும் தகவல். செஷனைக் கோப்பாகச் சேமிக்கும் வழக்கமான முறையில், செஷன்_ஸ்டார்ட் செய்ததும் அந்தப் பயனருடைய செஷன் கோப்பு பூட்டப்படும், ஸ்கிரிப்ட் முடியும்போதுதான் திறக்கும். டவுன்லோட் அரை மணி நேரம் ஓடினால் அரை மணி நேரமும் அதே ஆளின் மற்றப் பக்கங்கள் பூட்டுக்கு வெளியே காத்திருக்கும். அனுமதியைச் சரிபார்த்த உடனே செஷன்_ரைட்_குளோஸ் என்று ஒரு வரி போடுங்கள், தீர்ந்தது.

பாதியில் நிற்பதுதான் கடினமானது. லினக்ஸில் செட்_டைம்_லிமிட் எண்ணுவது ஸ்கிரிப்ட் தானாக வேலை செய்யும் நேரத்தை மட்டும், கோப்பை அனுப்பக் காத்திருக்கும் நேரம் அதில் சேராது. அதனால் அதை எத்தனை மாற்றினாலும் உங்களுக்குப் பலன் இருந்திருக்காது. உங்கள் சர்வர் என்ஜினெக்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ஜினெக்ஸ் பிஎச்பியிடமிருந்து வேகமாக வாங்கித் தற்காலிகக் கோப்பில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்கு மெதுவாகக் கொடுக்கும். ஆனால் அந்தத் தற்காலிகக் கோப்புக்கு இயல்பான உச்ச அளவு 1024 எம்பி. அது நிரம்பியதும் பின்னால் உள்ள பிஎச்பியும் வாடிக்கையாளரின் வேகத்துக்கு நின்று நின்று அனுப்ப வேண்டியதாகிறது. அந்தக் காத்திருப்பில் ஹோஸ்டிங்காரர்கள் ஒரு பிஎச்பி செயலுக்கு வைத்திருக்கும் நேர வரம்பு தாண்டினால் அதை அப்படியே முடித்துவிடுவார்கள், கோப்பு அறுந்துவிடும். வேகமான இணைப்பு உள்ளவர்களுக்கு வந்து, மெதுவான இணைப்புக்காரர்களுக்கு வராமல் போவதற்கு இந்தக் காரணம் நன்றாகவே பொருந்துகிறது.

வரம்புகளைக் கூட்டிக்கொண்டே போகலாம், நான் அதைச் சொல்ல மாட்டேன். அனுமதி பார்ப்பது பிஎச்பியின் வேலை, கோப்பை அனுப்புவது சர்வரின் வேலை என்று பிரித்துவிடுங்கள். என்ஜினெக்ஸில் எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட் என்று ஒரு ஹெடர் இருக்கிறது. ஸ்கிரிப்ட் லாகினைச் சரிபார்த்துவிட்டு அந்த ஹெடரில் கோப்பின் உள் பாதையை மட்டும் சொல்லிவிட்டு முடிந்துவிடும், மீதியை என்ஜினெக்ஸ் பார்த்துக்கொள்ளும். அந்த ஃபோல்டரை வெளியிலிருந்து நேரடியாக யாரும் கேட்க முடியாதபடி இன்டர்னல் என்று குறிக்க மறக்காதீர்கள். அப்பாச்சியில் இதே வேலையை எக்ஸ்-சென்ட்ஃபைல் மாட்யூல் செய்கிறது, லைட்ஸ்பீடிலும் இதற்கு ஈடான ஹெடர் உண்டு. இப்படிச் செய்தால் மெமரி, நேரம், செஷன் மூன்றும் ஒரே அடியில் தீர்கின்றன, பாதியில் அறுந்த டவுன்லோடை விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் சும்மா கிடைக்கிறது. 1.5 ஜிபியை மொபைல் டேட்டாவில் இறக்கும் மாணவருக்கு அந்த வசதி ரொம்பப் பெரியது. உங்கள் இப்போதைய ஸ்கிரிப்ட் 'இந்தப் பைட்டிலிருந்து கொடு' என்ற கோரிக்கையைக் கவனிப்பதே இல்லை, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கொடுக்கிறது.

கேள்வி: 'தேர்வு முடிவு' என்று தமிழில் பெயர் வைத்த பிடிஎஃப் இறங்கும்போது பெயர் சிதைந்து வருகிறது, சிலருக்குக் கோப்பு வகையே இல்லாமல் வந்து திறக்க முடியவில்லை. தமிழில் பெயர் வைக்கவே கூடாதா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: தாராளமாக வைக்கலாம், வைக்க வேண்டும் என்றே சொல்வேன். கோப்பு கெடவில்லை, பெயர்தான் கெட்டது. கன்டென்ட்-டிஸ்போசிஷன் ஹெடரில் ஃபைல்நேம் என்ற பகுதிக்குள் தமிழை அப்படியே எழுதினால் ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு மாதிரி படிக்கும். 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6266 என்ற இணையத் தரநிலை இதற்கு முறையான வழி சொல்கிறது. ஃபைல்நேம் என்பதற்குப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டு இரண்டாவதாக ஒரு பெயர் கொடுங்கள், அதன் மதிப்பில் யூடிஎஃப்-8 என்று எழுதி, அடுத்து இரண்டு ஒற்றை மேற்கோள் குறி, அதை ஒட்டி ராயூஆர்எல்என்கோட் செய்த தமிழ்ப் பெயர். யூஆர்எல்என்கோட் பயன்படுத்தாதீர்கள், அது இடைவெளியைக் கூட்டல் குறி ஆக்கிவிடும், இறங்கும் பெயரிலும் அந்தக் கூட்டல் குறி நிற்கும். பழைய மென்பொருள்களுக்காக நட்சத்திரம் இல்லாத ஃபைல்நேமில் ஆங்கிலத்தில் ஒரு எளிய பெயரும் இருக்கட்டும், அதை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். மேற்கோள் இல்லாவிட்டால் முதல் இடைவெளியோடு பெயரை வெட்டிவிடும் பிரவுசர் உண்டு, கோப்பு வகை தொலைவது அப்படித்தான்.

பெயரின் நீளத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'தேர்வு' என்ற சொல்லில் எழுத்து மூன்றுதான் என்றாலும் கொம்பும் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் ஆறு குறியீடு, 18 பைட். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது, ஆக 85 குறியீடுகளுக்குள் முழுப் பெயரும் அடங்க வேண்டும். 'முதலாம் ஆண்டு இரண்டாம் பருவத் தேர்வு முடிவு, திருத்தப்பட்ட பட்டியல்' என்கிற மாதிரி வைத்தாலே 185 பைட், வரம்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு போய்விடும்.

கேள்வி: பெயர்ப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாகக் கொடுக்கிறோம். நோட்பேடில் தமிழ் நன்றாகத் தெரிகிறது, எக்ஸெல்லில் திறந்தால் குப்பையாக இருக்கிறது.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: திருச்சி வாசகரை நீக்கச் சொன்ன அதே பாம் உங்களுக்குத் தேவை. எக்ஸெல் சிஎஸ்வியை நேராகத் திறக்கும்போது அந்த மூன்று பைட்டையும் பார்த்தால்தான் யூடிஎஃப்-8 என்று புரிந்துகொள்கிறது, இல்லாவிட்டால் கணினியின் பழைய என்கோடிங்கில் படித்துத் தமிழைச் சிதைக்கிறது. ஸ்கிரிப்டில் முதல் வரிசையை எழுதுவதற்கு முன்னால் அந்த மூன்று பைட்டையும் எக்கோ செய்யுங்கள். பிஎச்பி கோப்பை பாம்மோடு சேமிப்பதால் இது நடக்கக்கூடாது, இறங்கும் கோப்புக்குள் வேண்டுமென்றே நீங்கள் எழுத வேண்டும், கன்டென்ட்-லெங்த் சொல்கிறீர்கள் என்றால் அதில் மூன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். இதே சிஎஸ்வியை வேறொரு நிரல் படிக்கப்போகிறது என்றால் அதற்கு பாம் இல்லாத பதிப்பைத் தனியாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் முதல் நெடுவரிசையின் தலைப்போடு அந்த மூன்று பைட்டும் ஒட்டிக்கொண்டு 'அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை' என்று அது சொல்லும்.